அறுக்காத நூல்

காலையில் எழுந்தேன். பால் காய்ச்சினேன். குளித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மாமியார் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அலுவலக வாசலிலேயே மேனேஜர் நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை மென்பொருளைக் கொடுக்காவிட்டால் நான்கு டீம்களில் இரண்டைக் கலைத்துவிடுவார்களாம். எந்த டீமைக் கேட்டாலும், அடுத்த டீமின் வேலை இன்னும் வரவில்லை என்கிறார்களாம்.

நான்கு டீம்களையும் இணைத்துக்கொண்டிருந்தவள் என் மனைவி. பெரிய அறையின் சுவரில் எல்லா டீம்களின் வேலைகளும் அட்டைகளாக ஒட்டியிருக்கும். ஒரு வேலை இன்னொன்றுக்காகக் காத்திருந்தால், இரண்டு அட்டைகளுக்கும் நடுவே சிவப்பு நூல் கட்டுவாள். வர வேண்டியது வந்ததும் அவளே அறுப்பாள். அதுவரை அந்த வேலையை யாரும் தொடக் கூடாது. “மொறச்சுக்கிட்ட சம்பந்தி வீடு மாதிரி இருக்கீங்க. யாராவது முதல்ல வாயைத் திறங்க” என்பாள். திட்டு வாங்கியவர்களே சிரிப்பார்கள்.

நூல்கள் அப்படியே இருந்தன. என் டீம் தன் பங்கை எப்போதோ முடித்திருந்தது. மற்றவர்களும் அப்படித்தான். நூல் இருக்கிறதே என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

மென்பொருளைச் சோதிக்கும் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவ கட்டுனது தம்பி. எங்களுக்குக் கை வரல.”

மேனேஜர் கத்தரிக்கோலை நீட்டினார். நான் அறுத்தால்தான் மற்றவர்கள் தொடுவார்கள் என்றார். வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள். ஒரு நூலைப் பிடித்தேன். இரட்டை முடிச்சு.

அன்றும் இப்படித்தான் நின்றிருந்தோம். தலைவலி என்று டாக்டரிடம் போனவள் கூட்டத்துக்கு வந்து சேரவில்லை. போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டர் இன்னும் கூப்பிடவில்லை என்றாள். போனை வைத்த சிறிது நேரத்தில் அங்கேயே மயங்கி விழுந்தாள். பிறகு அவள் பேசவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று உறவில் எல்லோரும் கேட்டார்கள். உங்களைத்தான் விசாரித்தாள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த அறையில் அப்படிச் சொல்ல முடியாது. அவள் கடைசியாகச் சொன்னது ஸ்பீக்கரில் இவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது.

“எனக்காக ஏன் நிக்கிறீங்க? ஆரம்பிங்கப்பா.”