‘இருக்கலாம்’ சாரின் வலது கண்

கல்லூரியில் அவருக்கு ‘இருக்கலாம்’ சார் என்று பெயர். மாணவர்கள் வைத்தது. மெய்யியல் துறையில் பழைய கிரேக்கர்களின் ஐயவாதத்தைப் பாடம் நடத்துகிறவர். நாளைக்கு மழை இருக்குமா சார் என்றால் இருக்கலாம் என்பார். இன்றைக்கு வகுப்பு இருக்கா சார் என்றாலும் இருக்கலாம்தான். அந்தப் பதிலைக் கேட்டதும் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் யாரும் அவரோடு குடும்பம் நடத்தியவர்கள் இல்லை. அந்தப் பாடு பட்டது அவருடைய மனைவி. கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பார்வையைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கை சுத்தம், வாய் கொஞ்சம் கூடுதல். புடவை எடுக்கப் போனால் சிவப்பு நல்லா இருக்கா, நீலம் நல்லா இருக்கா என்று கணவரிடம் கேட்கிற தவறைக் கல்யாணமான புதிதிலேயே விட்டுவிட்டாள். கடைக்காரரே பொறுமை இழந்து இரண்டையும் மடித்து உள்ளே வைத்துவிட்ட அனுபவம் அவளுக்கு உண்டு.

ஆனால் இந்தத் தடவை கேட்காமல் முடியவில்லை. அவளோடு படித்த தோழி ஒருத்தி வேறொரு ஊரில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டதால் கடையைத் தெரிந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போக நினைத்தாள். “எத்தனை நாளைக்குடி அடுத்தவங்க கடையில நிப்ப? உன் பேர்ல போர்டு மாட்டு” என்று போனில் சொன்னபோது இவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரே தொல்லை, அந்த ஊருக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிற கதையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் தோழி சொல்லியிருந்தாள்.

“எடுத்துக்கறது சரியா தப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் கையிலிருந்த புத்தகத்தை உற்சாகமாக மூடி வைத்தார். சொந்தக் கடை என்றால் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்றார். சொந்தக் கடை என்றால் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கைகட்டி நிற்க வேண்டும் என்றார். புது ஊர் மனதுக்குத் தெம்பு தரும் என்று வலது கையை உயர்த்தினார். புது ஊரில் தலைவலி வந்தால் தைலம் தேய்க்க ஆள் கிடையாது என்று இடது கையை உயர்த்தினார். இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் வந்து நின்றன.

“ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கும்மா. எந்தப் பக்கமும் சாய முடியல” என்று சொல்லிவிட்டு, அமைதியே உருவாகப் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இது அவருடைய கிரேக்கர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை. எந்த வாதத்துக்கும் அதே கனத்தில் ஓர் எதிர்வாதம் தேடு. தராசு நேராக நின்றதும் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொள். மனம் தானாக அடங்கும். பிர்ரோ என்று ஒருவர், தத்துவம் பேசியும் ஒரு வரிகூட எழுதி வைக்காத புண்ணியவான், புயலில் கப்பல் ஆடியபோது தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்த பன்றியைக் காட்டி, இப்படி இருங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னாராம். கணவர் பாடங்களைச் சாப்பாட்டு மேஜையில்தான் ஒத்திகை பார்ப்பார். அதனால் அந்தப் பன்றியை அவளுக்குத் தன் நாத்தனாரைவிட நன்றாகத் தெரியும்.

பின்னால் வந்தவர்களும் மேஜைக்கு வராமல் இல்லை. அவர் வழி வந்த ஒருவர் எழுதி வைத்து, பல நூற்றாண்டுகள் மூலையில் கிடந்த அந்தச் சந்தேகம் லத்தீனில் அச்சேறியதும் ஐரோப்பாவில் படித்தவர்களுக்கெல்லாம் தூக்கம் போயிற்றாம். பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஐயவாதிகளின் வாசகங்களைத் தன் அறை உத்தரத்தில் பொறித்து வைத்துக்கொண்டாராம். இன்னொருவர் உலகத்தையே சந்தேகித்துப் பார்த்து, சந்தேகப்படுகிற தான் ஒருவன் இருப்பது மட்டும் நிச்சயம் என்று கண்டுபிடித்தாராம். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் நாள் முழுக்கச் சந்தேகப்பட்டுவிட்டு, நண்பர்களோடு சாப்பிட்டுப் பகடை ஆடியதும் எல்லாம் மறந்துபோகிறது என்று ஒப்புக்கொண்டாராம். அவளுக்குப் பிடித்தவர் இந்தக் கடைசி ஆள்தான். “இவருக்காவது நேரத்துக்குப் பசிச்சிருக்கு” என்பாள்.

அக்காவுக்குப் போன் போட்டு அழுதபோது அக்கா சுருக்கமாக முடித்துவிட்டாள். “உன் புருஷன்கிட்டப் போய்க் கேட்டியா? சுவத்துகிட்டக் கேட்டிருந்தா வாயாவது மிச்சமாயிருக்கும். உனக்கு என்னடி வேணும், அதைப் பாரு.”

தனக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

இதற்கிடையில் கணவருக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்க ஆரம்பித்திருந்தது. புத்தகத்தைப் பிடிக்கிற கை நீண்டுகொண்டே போயிற்று. வேறு யாராவது என்றால் கண்ணாடி போடுவார்கள். இவரோ அதையும் பாடமாக்கிவிட்டார். “பாருங்க, இதே எழுத்து நேத்து தெளிவாத் தெரிஞ்சுது, இன்னிக்குத் தெரியல. மாறினது எழுத்தா, நானா?” என்று வகுப்பில் கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளின் கணவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவது அவளுக்கு எவ்வளவு மானக்கேடு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் தானே காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகப் போயிற்று.

“என்னாச்சு?” என்றாள்.

“உப்பாத் தோணுது.”

“தோணறது என்ன, உப்பேதான். எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன்.”

“தேன் இனிப்பாத் தோணுதுங்கறத ஐயவாதிங்க நாங்க ஒத்துக்கறோம். தேன் உண்மையிலேயே இனிப்புதானாங்கறது...”

“தேன் அங்கயே இருக்கட்டும். சட்டையை மாட்டுங்க, கடைக்குப் போலாம்.”

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. சாவி ஒன்று அவளிடம் இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய், மறுபடி இறக்கிக்கொண்டார்கள். பின்னாலிருக்கும் சோதனை அறையில் உயரமான நாற்காலி, எதிரே வெளிச்சமிட்ட எழுத்துப் பலகை, வரிசை வரிசையாக லென்ஸ் அடுக்கிய பெட்டி. அவரை உட்காரவைத்து, லென்ஸ் செருகுகிற கனத்த வட்டச் சட்டகத்தை மூக்கில் மாட்டினாள். இடது கண்ணைக் கறுப்புத் தகட்டால் மூடினாள். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி எழுதுவதற்கு முன்னால் தூரப் பார்வையை ஒவ்வொரு கண்ணாகச் சரிபார்த்துவிடுவது அவள் வழக்கம்.

அவளுக்கு உள்ளூரக் கவலை. சாதாரண ஜனங்களே இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். ஒரு லென்ஸைப் புரட்டிப் புரட்டிக் காட்டி, ஒண்ணு தெளிவா ரெண்டு தெளிவா என்று கேட்டால் வியர்த்துவிடும். “எது சரின்னு நீங்களே சொல்லிடுங்க மேடம், அதையே சொல்லிடறேன்” என்பார்கள். வெளியே காத்திருந்தபோதே பலகை எழுத்தையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, விளக்கைப் போடும் முன்பே ஒப்பித்த மகானுபாவரும் உண்டு. அவர்களிடமெல்லாம் அவள் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். “இதுல சரி தப்பு கிடையாதுங்க. உங்களுக்கு எப்படித் தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க.” சாதாரண ஜனமே இப்படி என்றால், இந்த மனிதர் எழுத்து இருக்கிறதா என்பதிலிருந்து ஆரம்பிப்பாரே, பொழுது சாய்ந்துவிடுமே, தோழிக்குப் போன் செய்ய வேண்டுமே என்று பயந்தாள்.

“ஒண்ணா, ரெண்டா?” என்று லென்ஸைப் புரட்டினாள்.

“ஒண்ணு.”

“இப்ப?”

“ரெண்டு.”

“இப்ப?”

“ஒண்ணு. கொஞ்சம்தான் வித்தியாசம்.”

“இப்ப?”

“ரெண்டும் ஒரே மாதிரி.”

அவளுக்கு வேண்டியதும் அதுதான். அவள் தொழிலில் இரண்டும் ஒரே மாதிரி தெரிகிற இடம் வந்துவிட்டால் அந்தச் சோதனை முடிந்தது என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் எல்லாரும் பதறிப்போய், தோற்றுவிட்டோமோ என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக் குழப்புவார்கள். இவர் பதறவே இல்லை. தெரிந்ததைச் சொன்னார், தெரிந்த அளவுக்குச் சொன்னார்.

“இவ்வளவு ஒழுங்கா பதில் சொன்ன ஆளை நான் இந்த நாற்காலியில பாத்ததே இல்ல” என்றாள். நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது.

“இதுல என்ன கஷ்டம்?” என்றார் அவர். “தோணறதை நாங்க என்னிக்கும் மறுத்ததே இல்லையே. அதுக்குப் பின்னால உண்மையில என்ன இருக்குன்னு கேட்டாத்தான் வாயை மூடிக்குவோம்.”

அவள் கை லென்ஸோடு அப்படியே நின்றுவிட்டது. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் சரி தப்பு கேட்காதே, தெரிகிறதைச் சொல் என்று தொண்டை கிழியப் பாடுகிறவள், வீட்டில் இந்த மனிதரிடம் போய்ச் சரியா தப்பா என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. விளக்கைக் குறைத்துவிட்டு, லென்ஸ் புரட்டுகிற அதே குரலில் கேட்டாள்.

“நான் அந்த ஊருக்குப் போயிட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?”

அவர் கையைத் தூக்கவில்லை. இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்தன.

“பயமா இருக்கு” என்றார். “சாயங்காலம் வந்து, நீ இல்லாத வீட்டைத் திறக்கற மாதிரி நினைச்சுப் பாத்தேன். நீ கேட்ட அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்.”

“இதை ஏன் அப்பவே சொல்லல?”

“நீ சரியா தப்பான்னு கேட்ட. சத்தியமா அது எனக்குத் தெரியல. போகாதேன்னு தோணுச்சு. சொன்னா நீ நின்னுடுவ. எனக்குப் பயமா இருக்குங்கறதுக்காக உன் கடையை நிறுத்தறதா?”

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் கேக்க நினைச்சதும் அது இல்லீங்க” என்றாள். “அந்த ஊர்ல ஒரு காலேஜ் இருக்கு. அவ போன் பண்ண அன்னிக்கே விசாரிச்சிட்டேன். மெய்யியலுக்கு ஆள் தேடிக்கிட்டிருக்காங்களாம்.”

அவர் சட்டகத்தோடு திரும்பிப் பார்த்தார். ஒரு கண் மூடியிருக்க, லென்ஸுக்குப் பின்னால் மற்றக் கண் பெரிதாகத் தெரிந்தது. “இதை நீ ஏன் சொல்லல?”

“சொன்னா அதுக்கும் ரெண்டு கையைத் தூக்குவீங்க. புடவைக்குத் தூக்குங்க, மழைக்குத் தூக்குங்க, நான் சிரிச்சிட்டுப் போயிடுவேன். என்கூட வர்றதையும் தராசுல வச்சு நிறுத்தீங்கன்னா என்னால தாங்க முடியாதுங்க. அதான் கேக்கல.”

வெளியே தெருவில் யாரோ ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, விடுமுறை என்று முனகிக்கொண்டு போனார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி என்ன என்று நினைத்தாள்.

“வர்றீங்களா?”

“வரேன்.”

அவள் உடனே போனை எடுத்தாள். மறுமுனையில் தோழி என்ன ஏது என்று கேட்பதற்குள், “எடுத்துக்கறேண்டி. ரெண்டு பேருமா வர்றோம். மாடியில ரூம் இருக்குன்னியே, அதுல புத்தகம் வைக்க இடம் இருக்கான்னு பாத்துச் சொல்லு” என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

போனை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில், அவர் எதிர்ப்பக்க வாதத்தை ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கே பொறுக்கவில்லை.

“ஏங்க, வர்றதுக்கு எதிரா ஒரு காரணம்கூடவா இல்ல?”

“இருக்கும்” என்றார் அவர். “நான் தேடல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இடது கண்ணிலிருந்த கறுப்புத் தகட்டை எடுத்து வலது கண்ணில் செருகிவிட்டு, பெட்டியிலிருந்து அடுத்த லென்ஸை எடுத்தாள்.