பெட்டியின் கண்

அந்த வீட்டில் டிவி பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. டிவிக்கு ஒரு ரிமோட், மாடியில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து படத்தை வாங்கித் தரும் பெட்டிக்கு இன்னொரு ரிமோட். முதலில் டிவியைப் போட வேண்டும், பிறகு பெட்டியை, பிறகு திரும்பவும் டிவி ரிமோட்டை எடுத்து, படம் வரும் வழியை இரண்டாவதற்கு மாற்ற வேண்டும். வரிசை தப்பினால் நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்து நிற்கும். சேனல் மாற்றுவது ஒன்றில், சத்தம் கூட்டுவது மற்றொன்றில். பெட்டி வந்து எட்டு வருடமாகியும் மாமனாருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்து அமுக்குவார். திரை நீலமாகும். “பெரியவளே” என்று குரல் கொடுப்பார்.

மூத்த மருமகள் கை வேலையைப் போட்டுவிட்டு வருவாள். நாலே பட்டனில் அவருடைய மல்யுத்தம் திரைக்கு வந்துவிடும். “நான் செத்தாக்கூட இந்த டிவியப் போட்டுக் குடுத்துட்டுத்தான் சாகணும் போல” என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் இது நடக்கும்.

யார் வீட்டுக்கு வந்தாலும் மாமனார் சொல்வார்: “பெரியவ இல்லன்னா இந்த வீட்ல டிவியே இல்ல. அவ கை பட்டாத்தான் அது கேக்கும்.” அவளோ காது கேட்காதவள் மாதிரி உள்ளே போய்விடுவாள். உள்ளே போய் என்ன செய்வாள் தெரியுமா, அந்த வார்த்தையை இன்னொரு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் உழைத்தவளை வேறு எதற்காகவும் யாரும் ஒரு வார்த்தை மெச்சியதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் தட்டு காலியாகும், அவ்வளவுதான். புருஷனோ வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஆக, அந்த ஒரே வார்த்தைதான் அவளுக்கு இருந்த சொத்து.

அந்தச் சொத்தில்தான் சின்னவள் கை வைத்தாள்.

கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவள். எதிலும் ஒரு ஒழுங்கு. அடுக்களையில் பிரித்த பாக்கெட்டுகளுக்கெல்லாம் டேப் ஒட்டுவாள், ஒட்டும்போது அதன் நுனியைக் கொஞ்சம் மடித்து விடுவாள். “அடுத்தவங்க பிரிக்கும்போது நகத்தால சுரண்ட வேண்டாம் பாருங்க அக்கா” என்பாள். பெரியவளுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருடமாக நகத்தால் சுரண்டியவள் என்ன மடச்சியா?

வந்த நாலாம் நாள் சின்னவள் இரண்டு ரிமோட்டையும் மேஜைமேல் நேருக்கு நேர் படுக்க வைத்தாள். ஒன்றில் அமுக்கினாள், மற்றதில் அமுக்கினாள். பெட்டி ரிமோட்டே டிவி வேலையையும் கற்றுக்கொண்டுவிட்டதாம். வேண்டிய பட்டன்களில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று பொட்டு வைத்தாள். டிவி ரிமோட் அலமாரிக்குள் போனது.

“பொட்டு வரிசையா அமுக்குங்க மாமா, போதும்.”

அமுக்கினார். மல்யுத்தம் வந்தது. மனுஷன் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

அன்றிலிருந்து “பெரியவளே” என்ற குரல் நின்றுபோனது. ‘அப்பாடா, தொல்லை விட்டது’ என்று அவள் நிம்மதிப்பட்டிருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. வேலைக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் மாமனார், “எல்லாம் எங்க சின்னவ மூளை” என்றார். பெரியவள் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்ட போட்டில் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டாளே பாவி என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் மாமனார் மதியம் கண்ணயர்ந்த நேரம். பெட்டியின் முகப்பில், ரிமோட்டின் பேச்சைக் கேட்பதற்கென்று கடுகளவில் ஒரு கண் இருக்கும். பொட்டு வைத்த நாளிலிருந்து டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை அப்படியே ஓட விடுவது மாமனாரின் வழக்கம். பெரியவள் முதலில் பாத்திரம் விற்கிற சேனலாகப் பார்த்து வைத்தாள். பிறகு டிவியை அணைத்துவிட்டு, கறுப்பு டேப்பில் ஒரு துண்டைக் கத்தரித்து, பெட்டியின் கண்ணை மறைத்து ஒட்டினாள். கறுப்புப் பெட்டியில் கறுப்பு டேப். இருப்பதே தெரியாதபடி நகத்தால் நன்றாகத் தேய்த்தும் விட்டாள்.

மாலை மாமனார் பொட்டு வரிசையாக அமுக்கினார். டிவி வந்தது, சத்தம்கூடக் கூடியது. சேனல் மட்டும் மாறவே மாட்டேன் என்றது. ஒருத்தி வாணலியைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“சின்னவளே” என்று கூப்பிட்டார்.

அடுக்களைக் கதவோரம் காத்திருந்த பெரியவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இருக்கட்டும், அவள் திண்டாடுவதைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று அங்கேயே நின்றாள்.

சின்னவள் பேட்டரியை மாற்றினாள். மாறவில்லை. போன் கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராவில் மினுக் மினுக்கென்று தெரிந்தது. “ரிமோட்ல கோளாறு இல்ல மாமா. டிவியும் சொன்னபடி கேக்குது. பெட்டிதான் கேக்க மாட்டேங்குது” என்றாள். பெட்டிக்கு அருகில் போய்க் குனிந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். “எனக்குப் புரியல மாமா. அக்காவக் கூப்பிடுங்க, அவங்களுக்குத்தான் தெரியும். நான் போய் மாடில துணி எடுத்துட்டு வரேன்.”

“பெரியவளே.”

ஆகா, காது குளிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அவசரமில்லாதவள் மாதிரி நடந்து வந்தாள். “தெரியாத வேலையில எதுக்குத்தான் தலையிடறாங்களோ” என்று சொல்லிக்கொண்டே குனிந்து, மாமனாருக்குத் தெரியாமல் முகப்பை விரலால் தடவினாள்.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அவள் தேய்த்து ஒட்டிய டேப்பில் மேடு ஏது? உற்றுப் பார்த்தாள். டேப் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் நுனி, அடுத்தவர் பிரிக்க வாகாக, கொஞ்சம் மடித்து விடப்பட்டிருந்தது.

பெரியவள் விரலை அந்த மடிப்பின்மேலேயே வைத்திருந்தாள்.

“என்னம்மா, ஆகாதா?” என்றார் மாமனார்.

இழுத்தாள். சுரண்டத் தேவையே இல்லாமல் கையோடு வந்தது. அவர் அமுக்கினார், மல்யுத்தம் வந்தது. “நான்தான் சொல்றேனே, உன் கை பட்டாத்தான் அது கேக்கும்” என்றார். எந்த வார்த்தைக்காக இத்தனையும் செய்தாளோ அதே வார்த்தை. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

‘இங்க பாருங்க மாமா’ என்று சின்னவள் காட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் எதிர்த்துக் கத்தியிருக்கலாம், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாளே. மூளைதான் என்னைவிட அதிகம் என்று பார்த்தால் மனசும் அதிகமா இவளுக்கு? ரிமோட்டைப் பறிகொடுத்த அன்றுகூடப் பெரியவளுக்கு வயிறு இப்படி எரிந்ததில்லை.

சின்னவள் துணிக் குவியலோடு இறங்கி வந்தாள். “சரியாயிடுச்சா அக்கா?”

“ம்.”

என்ன கோளாறு என்று அவள் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். பெரியவளும் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தாள். டேப் இன்னும் அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டுக்கு அடியில் மறைத்துத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அது போகிற வரைக்கும் சின்னவள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.