எடை மேடையில் ஒரு மஞ்சள் ஜாக்கெட்

1

காலை ஆறு நாற்பது. ஒரு சின்ன விமான நிறுவனத்தின் காத்திருப்பு அறை. எடை மேடையில் எண் தெரியும் பெட்டி மேல் ஒரு மஞ்சள் ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடுதளத்தில் வேலை செய்பவர்கள் சட்டைக்கு மேல் போடுவது. நான் மேடையில் ஏறி நின்றேன். ஒரு பெண் ஜாக்கெட்டின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்தக் கதைக்கு என் கையில் இருப்பது அவ்வளவுதான். ஜாக்கெட் அங்கே எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

(பயணத்துக்குப் பதிவு செய்தபோது என் எடையை நான்கு கிலோ குறைத்துச் சொல்லியிருந்தேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.)

2

முதல் தொடக்கம்: "சிறு வயதிலிருந்தே அவள் வானத்தைப் பார்த்து..."

அடித்துவிட்டேன். என் எடையை எழுதிக்கொண்ட அந்தப் பெண் பதினான்கு வருடம் பார்த்தது பெட்டிகளை. பெரிய விமான நிலையம் ஒன்றில் சுமைக் கணக்கு அவள் வேலை. எது முன்னால், எது பின்னால், மொத்தம் எவ்வளவு. அவள் கையெழுத்துப் போடாமல் விமானம் நகராது.

இரண்டாவது தொடக்கம்: "அவளுடைய நாத்தனார் ஒரு விமானி."

இது நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, நீங்க கீழே பாத்துக்கோங்க. நான் மேலே பாத்துக்கறேன். நாமளே ஒண்ணு தொடங்கினா என்ன?"

"உங்க அண்ணன்?"

"அவன் நடுவுல இருக்கட்டும். எப்பவும் அங்கதானே இருக்கான்."

விமான நிறுவனம் நடத்த உரிமம் கிடைக்கப் பத்தொன்பது மாதம் ஆனது. ஒரே கோப்பை நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். நான்கு முறையும் அவள் மறுநாள் காலையிலேயே அதே மேசை முன் போய் நின்றாள். நான்காவது முறை அந்த அதிகாரியே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

3

அவர்களிடம் இருந்தவை: குத்தகைக்கு எடுத்த ஒரு சின்ன விமானம், விமானி போக எட்டுப் பேர் உட்காரலாம். ஒரு அலுமினிய ஏணி. பழைய இழுவை வண்டி ஒன்று. விமானக் கொட்டகையின் ஓரத்தில் இரண்டு அறை. சொந்த விமானத்துக்கு வேலை இல்லாத நாளில் வேறு கம்பெனிகளின் விமானங்களுக்கு ஏணி தள்ளினார்கள், தண்ணீர் ஏற்றினார்கள், உள்ளே கூட்டித் துடைத்தார்கள். கணவர் இழுவை வண்டி ஓட்டினார். நடுவில்தான் இருந்தார்.

எடை மேடை அவள் வாங்கியது. சரக்குக் கிடங்கில் மூட்டை நிறுத்துப் பார்க்கிற மேடை. ஒரு கிராம்கூடப் பிசகாது. எண்கள் சிவப்பில், ஒவ்வொன்றும் கை அகலம். அறையின் கடைசி நாற்காலியிலிருந்தும் படிக்கலாம்.

"அண்ணன் உங்களைக் கட்டினப்பவே நெனச்சேன்," என்றாள் நாத்தனார். "இனிமே இந்த வீட்ல கண்ணளவுன்னு எதுவும் கிடையாதுன்னு."

பெட்டிகளையே நிறுத்துப் பழகிய ஒருத்தி மட்டும் செய்யக்கூடிய தவறு இது. பெட்டிகளுக்கு வெட்கம் கிடையாது.

4

முதல் வாடிக்கையாளர், மலைக்கு அந்தப் பக்கம் அணை கட்டும் ஒப்பந்தக்காரர். அவரோடு ஏழு பேர். இந்தப் பயணம் ஒழுங்காக நடந்தால் வாரம் இரண்டு முறை, ஒரு வருடத்துக்கு. நடக்காவிட்டால் இந்த மாதக் கடைசியில் விமானத்தை அதன் சொந்தக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார். அணைப் பக்கத்து ஓடுதளம் ரொம்பக் குட்டை. கூடுதல் எடையோடு போனால் ஓடுதளம் முடிந்த பிறகும் விமானம் நிற்காது.

எட்டுப் பேரும் எடையை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் எழுதியது எண்பத்து நான்கு. அவர் காரிலிருந்து இறங்கியபோது கார் மேலே எழுந்தது.

"அதான் எழுதிக் குடுத்தாச்சே," என்றார்.

"ஒரு நிமிஷம்தான் சார். ஏறி நில்லுங்க."

"நான் என்ன நெல்லு மூட்டையா?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

5

இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன்.

முதலில் அவரை வில்லனாக எழுதினேன். மோதிரம் போட்டேன். கத்த வைத்தேன். அவர் கத்தக் கத்தக் கதை... வேண்டாம். என் நான்கு கிலோ நினைவுக்கு வந்தது. நான் யாருக்கும் வில்லன் இல்லை. சிவப்பு எண்களுக்குப் பயந்தவன். அவருக்குப் பின்னால் அவரிடம் சம்பளம் வாங்கும் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

நாத்தனார் ஜன்னல் வழியாகக் காற்றுத் திசை பார்த்தபடி, தணிந்த குரலில்: "அண்ணி, விட்டுடலாமா? நாமளா குத்துமதிப்பா போட்டுக்கலாம்."

"நீ குத்துமதிப்பா இறக்குவியா?"

நாத்தனார் காது மூடியை எடுத்துக்கொண்டு விமானத்துக்கு நடந்தாள்.

அவள் ஒப்பந்தக்காரரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எண் பெட்டியை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தான் மேலே போட்டிருந்த மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றிப் பெட்டி மேல் போட்டாள்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும் சார்."

அவர் ஏறி நின்றார். அவள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். நூற்று இருபத்தொன்று. முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லோருமே குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் நில அளவை செய்கிறவள். ஐம்பத்து நான்கு என்று எழுதியிருந்தாள். ஐம்பத்து நான்குதான்.

6

துணிப் பைகளை எல்லாம் இறக்கிவிட்டார்கள். நில அளவைக் கருவியை இறக்க முடியாது, அதற்காகத்தான் பயணமே. அதன் பிறகும் இருபத்தைந்து கிலோ அதிகம். ஒரு ஆள் நின்றாக வேண்டும்.

முடிவு அ: ஒப்பந்தக்காரர் பெருந்தன்மையாகத் தானே நின்றுகொள்கிறார். (இப்படி யாரையும் எனக்குத் தெரியாது.)

முடிவு ஆ: கோபித்துக்கொண்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். மாதக் கடைசியில் விமானமும் போகிறது. (நடக்கக்கூடியது. ஆனால் அந்த அறையில் ஜாக்கெட் தொங்கியதை நான் பார்த்தேன்.)

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவளுக்கு வேலையே இல்லை. பத்தொன்பது மாதம் மேசை முன் நின்றவளை ஓரமாக நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் உண்மையில் நடந்திருக்கும் என்று நான் நினைக்கிற இடம் வரைக்கும் எழுதுகிறேன். அதற்கு மேல் நீங்கள்.

ஒப்பந்தக்காரர் தன் ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தார். நில அளவைக்காரியிடம் வந்து கண் நின்றது. அவள் கருவியின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ அடுத்த தடவை வாம்மா. கருவியை இவங்க பாத்துப்பாங்க."

நில அளவைக்காரி வாரை விட்டாள்.

எடை எழுதியவள் அதை எடுத்துத் திரும்ப அவள் கையிலேயே கொடுத்தாள். ஏணிப் பக்கம் கை காட்டினாள். நாத்தனார் ஏற்கனவே இருக்கையில் ஏறி உட்கார்ந்து காது மூடியை மாட்டியிருந்தாள். கணவர் இழுவை வண்டியில் காத்திருந்தார். அவள் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரிடம் வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் பேசினாள்.

"சார், அவங்க சொன்ன எடையும் மேடை சொன்ன எடையும் ஒண்ணு. அவங்க ஏறியாச்சு. மிச்சம் ஏழு பேர்ல ஒருத்தர். யாருன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"