காது வலிக்கும்வரை

கடைக்காரன் சொல்வதை நான் நம்புவதில்லை. பெட்டி மேல் அச்சடித்திருப்பதை அதைவிடக் குறைவாக நம்புவேன். ஹெட்செட் வாங்கப் போன அன்றும் அப்படித்தான் போனேன்.

எழுபத்திரண்டு வயதுக்காரனுக்கு கேம் விளையாடுகிற ஹெட்செட் எதற்கு என்று கேட்பீர்கள். மகளோடு பேசத்தான். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அதிலிருந்து போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை. என் மனைவி இருந்தவரை அவள்தான் போனை எடுப்பாள். மகள் சொன்னதை என்னிடமும் நான் சொன்னதை மகளிடமும் கொஞ்சம் சர்க்கரை தூவிச் சொல்லுவாள். இப்போது தூவ ஆளில்லை.

போன வருடம் மருமகன் மட்டும் தனியாக வந்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்து, அதில் ஒரு ஸ்டியரிங்கை மாட்டி, லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் அவனை உட்காரச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் மகளும் அவரவர் வீட்டிலிருந்தே ஆளுக்கொரு லாரியில் ஏறுவோம். அவள் முன்னால், நான் பின்னால்.

"அப்பா, வளைவு வருது, கியரைக் குறைங்க."

"தெரியுது. நீ உன் வண்டியப் பாரு."

"பாலத்துல இடிக்காதீங்க, போன வாரம் மாதிரி."

இதுதான் பேச்சு. ஒன்றரை மணி நேரம் ஓடும், ஒரு சண்டை வராது. சரக்கை இறக்கியதும் அவள் "சரிப்பா" என்பாள், நான் "சரி" என்பேன். வாரத்துக்கு எனக்கு அது போதும்.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் மலை ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "அப்பா, அடுத்த வாரம் அவரும் ஒரு வண்டி எடுத்துட்டு வரட்டுமா?" நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். ஹெட்செட் ஒயர் நாற்காலிச் சக்கரத்தில் மாட்டி அறுந்தது. அதோடு சத்தம் போச்சு. அவளுக்கு நான் கோபித்துக்கொண்டு போனதாகத்தான் பட்டிருக்கும். "பிடிக்கலன்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்" என்று மெசேஜ் வந்தது. போனில் எழுத எனக்கு வராது. பார்த்துவிட்டேன் என்பதற்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அவள் லாரி வரவே இல்லை.

போன் போட்டுச் சொல்லலாம். போட்டால் ஒயரில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடியும். புதிதாக ஒன்று வாங்கி வண்டியில் ஏறிவிட்டால் தானாக விஷயம் புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒயர் இல்லாததாக வேண்டும். இனி அறுவதற்கு ஒன்றும் இருக்கக்கூடாது.

கம்ப்யூட்டர் கடைக்காரனைத் தெருவில் பென்சில் என்பார்கள். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். எழுதி யாரும் பார்த்ததில்லை. அவன் முதலில் எடுத்து வைத்தது விளக்கு எரிகிற ஹெட்செட். சிவப்பு, நீலம், பச்சை.

"காதுல மாட்டினா விளக்கு எனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுண்ணே."

"அப்ப யாருக்கு?"

அதை உள்ளே வைத்துவிட்டு வேறு மூன்றை எடுத்தான். ஒவ்வொன்றின் தலைப்பட்டையையும் இரண்டு கையால் விரித்துப் பார்த்தேன். "ஐயோ, மெதுவா" என்று பென்சில் பதறினான். ஒன்று கிரீச்சென்று முனகியது. மடங்குகிற இடத்தில் வெறும் பிளாஸ்டிக், ஒரு வருடம் தாங்காது. அதைத் தள்ளினேன். மீதி இரண்டிலும் பட்டைக்குள் இரும்புத் தகடு. ஒன்றின் மெத்தை ரெக்சின், இன்னொன்றுக்குத் துணி. ரெக்சின் பொடுகு மாதிரி உதிரும் என்றேன். மெத்தையைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்று கழற்றிக் காட்டினான். அதை ஒப்புக்கொண்டேன்.

"போட்டுப் பாருங்கண்ணே, பஞ்சு மாதிரி இருக்கும்."

"எல்லாம் முதல்ல பஞ்சுதான்."

இது எனக்குத் தெரிந்த விஷயம். முப்பத்தோரு வருடம் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் நின்றவன் நான். காதுக்கு மூடி கொடுத்தார்கள். மாட்டும்போது சுகமாக இருக்கும். நாற்பதாவது நிமிடம் மூக்குக்கண்ணாடிக் கம்பியை எலும்போடு சேர்த்து அழுத்தத் தொடங்கும். கழற்றி ஆணியில் மாட்டிவிடுவோம். என் இடது காது பாதி போனது அப்படித்தான். மூடி என்னவோ கடைசிவரை புத்தம்புதிதாக இருந்தது.

"நாப்பது நிமிஷம் போட்டுட்டு இங்கயே உக்காருவேன். வலிச்சா வேணாம்" என்றேன்.

"நாப்பது நிமிஷமா? அண்ணே, இது கடை, முடிவெட்டற எடம் இல்ல."

"ஆளே இல்லையே. ஈதான் ஓட்டுற."

பென்சில் ஸ்டூலை நகர்த்திப் போட்டான். முதலில் ரெக்சின் மெத்தையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "அப்ப மைக்கையும் சோதிச்சிருங்க. பின்னால வந்து குரல் கேக்கலன்னு சண்டை போடக்கூடாது. போனோட இணைச்சிட்டேன், யாருக்காவது போடுங்க."

எனக்குப் போட வேறு யார் இருக்கிறார்கள்? சரி, கடிக்கவா போகிறாள் என்று மகளுக்குப் போட்டேன்.

"என்ன?" என்றாள். எடுத்த எடுப்பிலே.

"ஹெட்செட் கடையில இருக்கேன். குரல் கேக்குதா?"

"கேக்குது. எதுக்கு?"

"பழசு ஒயர் அறுந்துபோச்சு. நீ பேசிட்டிருக்கும்போதே."

"அப்ப அந்தக் கட்டைவிரல்?"

"பாத்தேன்னு அர்த்தம்."

"எங்க ஊர்ல அதுக்கு ஆமான்னு அர்த்தம். பிடிக்கலையான்னா ஆமாம்னு பதில் வந்திருக்கு! ரெண்டு வாரமா நான் தூங்கல."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். நாற்பது நிமிடக் கணக்கைச் சொன்னேன். "சரி, நான் லைன்லயே இருக்கேன். வலிச்சா சொல்லுங்க" என்றாள்.

ஓட்டுவதற்கு லாரி இல்லை. வளைவு இல்லை, பாலம் இல்லை. எதைப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் தலையை ஆட்டச் சொன்னாள், ஆட்டினேன். வாயை மென்று பார்க்கச் சொன்னாள், மென்றேன். பென்சில் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். பதினைந்தாவது நிமிடம், நான் எதிர்பார்த்தபடி, கல்யாணம் வந்தது.

"நீங்க வரலன்னு கூட இல்லப்பா. அப்புறமாவது எப்படி நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பத்திரிகைய தபால்ல அனுப்பினவ நீ. கரண்ட் பில் வர்ற மாதிரி வந்துச்சு."

"நேர்ல வந்திருந்தா கதவத் தொறந்திருப்பீங்களா?"

"தொறந்திருக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன!"

அவள் கத்தினாள். நானும் கத்தினேன். கடைக்குள் வந்த ஒரு பெண் வாசலோடு திரும்பிப் போனாள். வழக்கமாக இந்த இடத்தில் யாராவது ஒருவர் போனை வைத்துவிடுவோம். அன்று இரண்டு பேரும் வைக்கவில்லை. அவள் மூச்சு வாங்குவது காதுக்குள்ளேயே கேட்டது. பிறகு, "இப்ப காது எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்ல. கண்ணாடிப் பக்கம் லேசா அழுத்துது."

"மணி என்ன?"

"இருபத்தேழு நிமிஷம் ஆச்சு."

"அப்ப இது தேறாது. அடுத்ததப் போடுங்க. மறுபடியும் முதல்லேருந்து."

துணி மெத்தையை மாட்டினேன். பென்சில் தலையில் கை வைத்துக்கொண்டான். மகள் கல்யாணம் எப்படி நடந்தது என்று சொல்லத் தொடங்கினாள், நான் கேட்காமலே. மழை, மின்சாரம் போனது, இவள் செருப்பு அறுந்தது. நான் நடுவில் "ம்" போட்டேன். முப்பத்தைந்தாவது நிமிடம் வரை காதில் ஒரு குத்தல் இல்லை. பட்டை இருக்கிற நினைப்பே போய்விட்டது.

"குரல் எப்படி வருது?" என்று கேட்டேன்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

இவளும் பென்சில் மாதிரியே சொல்கிறாள். "பக்கத்துல அவன் இருக்கானா?" என்றேன்.

"இருக்காரு. ஏன்?"

"குடு."

போன் கை மாறியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சொல்லுங்க மாமா" என்றான். ஒன்று முதல் இருபது வரை எண்ணிக் காட்டினேன்.

"உண்மையச் சொன்னா கோபப்பட மாட்டீங்களே மாமா? தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு."

பின்னால் மகள் "என்னங்க!" என்று அதட்டுவது கேட்டது. அதுவரை இந்த ஹெட்செட்டைப் பென்சிலும் மகளும் நல்லது என்றே சொல்லியிருந்தார்கள். இவன் ஒருவன்தான் குறை சொன்னான்.

"அதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன்.

"மைக் குச்சி வாய்க்கு நேரா இருக்குதா பாருங்க. மேல மடிச்சிருந்தா கீழ இறக்குங்க."

பார்த்தேன். மடித்துத்தான் இருந்தது. இறக்கிவிட்டு மறுபடி எண்ணினேன்.

"இப்ப பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு மாமா."

"பாத்தியா, இந்தக் கடைக்காரனுக்கு இது தெரியல" என்றேன். பென்சில் ஏதோ சொல்ல வந்தான், கையைக் காட்டி நிறுத்தினேன். "ஞாயித்துக்கிழமை பத்து மணி. அவ முன்னால போவா. நான் நடுவுல. நீ கடைசி. பின்னாலேருந்து என்னை இடிச்சேன்னா பாரு."

"இடிக்க மாட்டேன் மாமா."

"பாக்கலாம்" என்றேன்.

அவன் போனை அவளிடம் கொடுத்தான். அழுகிறாளா என்று என்னால் சொல்ல முடியாது, என் காது அந்த அளவுக்கு இல்லை.

"நாப்பது ஆச்சா?" என்றாள் கடைசியில்.

"நாப்பத்தாறு."

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப வாங்கிருங்க."

பென்சில் பெட்டியை எடுத்து வைத்து, போட்டிருப்பதைக் கழற்றித் தரச் சொன்னான். கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினேன்.