பாபுவாண்ட சொல்லு

கள்ளிக்குப்பத்தில் தேவராஜ் வீட்டில் இருந்தது இரண்டு மனிதர்களும் ஒரு பூனையும். அந்த மூன்று பேரில் எல்லோருடனும் பேச்சுவார்த்தை இருந்தது பூனைக்கு மட்டும்தான்.

ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன தேவராஜ், சில வருஷத்துக்கு முன் மகள் கார்த்திகா யூசுப்பைக் கட்டிக்கொண்ட அன்றைக்கே பெண்டாட்டி லோகநாயகியோடு பேச்சை முறித்துக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தாளாம், அதுதான் குற்றம். பெற்ற வயிறு போகாமல் என்ன செய்யும்? ஆனால் லோகநாயகியும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் விடாக்கண்டன் என்றால் இவள் கொடாக்கண்டி. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

பேசாமல் குடித்தனம் நடக்குமா? அதற்குத்தான் பாபு, கார்த்திகா விட்டுவிட்டுப் போன கடுவன் பூனை. கேஸ் தீர்ந்துபோச்சுன்னு உங்கப்பாவாண்ட சொல்லுடா என்பாள் இவள். சிலிண்டர் வந்துகினே கீதுன்னு சொல்லுடா என்பார் அவர். பாபு கூடத்து நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கும். தெருவே இதைச் சொல்லிச் சிரித்தது. லோகநாயகிக்கும் உள்ளூர ஒரு சிரிப்பு உண்டு, பொய் சொல்வானேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் பாபு தீனியைத் தொடவில்லை. பாத்ரூமில் அதற்கென்று வைத்திருந்த மண் தட்டில் போய்க் குந்தியது, முக்கியது, எழுந்தது, மறுபடி குந்தியது. தட்டு காய்ந்தே கிடந்தது. சூட்டுக் கடுப்பு, வேறென்ன என்று லோகநாயகி தீர்மானித்துவிட்டாள். வெளியே எதிர்மனையில் கொட்டியிருக்கும் மணலில் போயிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். பார்லி காய்ச்சி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் வாயோரமாக விட்டாள். மயிரை விலக்கித் தொப்புளைத் தேடி விளக்கெண்ணெய் தடவினாள்.

தேவராஜ் எதிர்மனையில் பார்த்தார். பாபு மணலிலும் குந்தி முக்கியது, மணல் நனையவில்லை. உள்ளே தட்டில் போயிருக்கும் என்று அவர் நினைத்தார். அவர் கணக்கிலும் அது சூடுதான். இளநீர் வெட்டிவந்து தம் பங்குக்கு ஊற்றினார்.

இப்படிப் புருஷனும் பெண்டாட்டியும் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீரை உள்ளே அனுப்பினார்கள். வெளியே வந்ததா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்க வாய் இல்லை. கேட்டுச் சொல்ல வேண்டிய பாபுவோ கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது.

மறுநாள் அது வாந்தி எடுத்த பிறகுதான் இருவரும் பதறினார்கள். ஆட்டோவில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து, கூடையை நடுவில் வைத்துக்கொண்டு கொரட்டூருக்குப் போனார்கள். அங்கே டாக்டர் கிருஷ்ணப்பிரியா, பிராணியை மட்டும் பார்த்து மருந்து எழுதுகிறவள் இல்லை. தீனி, தண்ணீர், படுக்கிற இடம், வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் விசாரிப்பாள். அன்றைக்கு விசாரிக்க நேரம் இல்லை. பாபுவின் அடிவயிற்றைத் தொட்டதுமே அவள் முகம் மாறியது.

"கடைசியா எப்போ யூரின் போச்சு?"

"உள்ள தட்டுலதான் போவும்," என்றார் தேவராஜ். "அவங்களுக்குத்தான் தெரியும்."

"வெளிய மணல்லதான் போயிருக்கும்," என்றாள் லோகநாயகி. "அவர்தான் பாத்திருப்பாரு."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ போனத ரெண்டு பேருமே பாக்கலியா?"

கடுவனுக்கு மூத்திரக் குழாய் நூல் மாதிரி சன்னம், அது அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாள் டாக்டர். கொடுத்த தண்ணீரெல்லாம் மூத்திரப் பையிலேயே நின்று, பை கல்லாகி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். நேற்றே கொண்டுவந்திருந்தால் அடைப்பை எடுத்துவிட்டிருக்கலாமாம். மூத்திரத்தை வெளியே எடுக்க ரப்பர் குழாய் விடத் தயார் செய்துகொண்டே, மனசு கலங்கினாலும் பூனைக்கு இது வரும், வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டாள்.

"சண்டையே கெடையாதும்மா," என்றார் தேவராஜ்.

பாவி மனுஷன், பொய்கூடச் சொல்லவில்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று வந்தது லோகநாயகிக்கு. அவள் பாபுவின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். டாக்டர் குழாய் விட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் மூச்சு நின்றுபோனது.

தேவராஜ் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். இவள் பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தாள்.

சாயங்காலம் அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பழக்கம் விடுமா? நடுவில் பாபு உட்காருகிற இடத்தைப் பார்த்து, பசிக்குதுன்னு சொல்லு என்றார்.

லோகநாயகி தட்டோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"யாராண்ட சொல்றீங்க?"

இத்தனை வருஷத்தில் அவருக்கு நேராக அவள் பேசிய முதல் வார்த்தை. தேவராஜ் தலை தூக்கினார். உதடு அசைந்தது. ஒரு வார்த்தை, உன்னாண்டதான் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுதிருப்பாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

லோகநாயகி சோற்றுத் தட்டைப் பாபுவின் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.