மையத்துக்கு முன்னால் மஹர்

முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய். நிக்காஹ் அன்றைக்கு, பொண்ணான எனக்குத் தருவதாக மாப்பிள்ளை சபையில் ஒத்துக்கொண்ட மஹர். பதினாறு வருசமாக என் புருசன் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

எண்பத்தொண்ணு கோடையில் அவர் மவுத்தானார். பழங்காநத்தத்து வாடகை வீட்டில் அவர் மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி ரெண்டு பொம்பளைகள் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் நிறுத்தினார்கள்.

"மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லு."

உசுரோடு இருக்கையில் ஒருநாளும் கேட்காத மன்னிப்பு! அவசரமெல்லாம் அவர் அண்ணன் காசாமைதீனுக்கு. சிம்மக்கல்லில் மிளகாய் வத்தல் மொத்தக் கடை. தம்பி பங்குப் பணமும் அவரிடம்தான். அதே கடையில் வத்தல் காம்பு கிள்ளித்தான் நான் கஞ்சி குடித்தேன். இனி இத்தா முடிகிறவரை, நாலு மாதம் பத்து நாள், வாசல் தாண்ட முடியாது. மஹர் பணம்தான் எனக்கும் மகளுக்கும் அரிசி.

"குடுத்துட்டுத் தூக்குங்க மச்சான்," என்றேன்.

"பொம்பளைக்குப் பாதிப் புத்தின்னு சும்மாவா சொன்னாக?" கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். துக்க வீட்டில் சிரிக்கிற முழுப் புத்தி!

முப்பத்தஞ்சு வயசில் முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டப் படித்தவள் நான். குர்ஆனின் தமிழ் தர்ஜுமாவை விரல் வைத்து வாசித்திருக்கிறேன்.

"ஒரு ஆம்பளைக்குப் பதிலா ரெண்டு பொம்பளை சாட்சின்னு வாரது, கடனை எழுதி வைங்கன்னு சொல்ற ஆயத்து. ஒருத்தி மறந்தா இன்னொருத்தி ஞாபகப்படுத்தட்டும்னு இருக்கு. பாதிப் புத்தின்னு எங்க இருக்கு? பதினாறு வருசமா மறந்தது பொம்பளையா?"

"வாயைப் பாருங்க ஹஜ்ரத்!" காசாமைதீன் பள்ளிவாசல் இமாமிடம் முறையிட்டார்.

"ஹஜ்ரத், மஹர் ஆயத்தை ஓதித் தமிழ்லயும் சொல்லுங்க," என்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஹஜ்ரத் ஓதினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெண்களுக்கு மஹரை மகிழ்ச்சியோட குடுத்துருங்க. அவங்களா மனசார எதையும் விட்டுக் குடுத்தா அனுபவிங்க," என்றார்.

"குடுங்கன்னு ஆம்பளைகளுக்குச் சொல்லியிருக்கு. மன்னின்னு எனக்குச் சொல்லலை. கையைப் பிடிச்சு நிறுத்தி, மையத்தைக் காட்டி வாங்குறதுக்குப் பேரு மனசாரவா?"

பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள்.

வெயில் ஏறியது. அந்தக் கூட்டத்தில் ஹஜ்ரத்துக்கு மட்டும் கொஞ்சம் வெட்கம் மிச்சமிருந்தது. "கடன் நிக்கிது மைதீன். யார் பொறுப்புன்னு சொல்லு. அதுக்கப்புறம்தான் மையத்துக்குத் தொழ வைப்பேன்."

ஊர் பார்க்கிறதே! காசாமைதீன் இடுப்புப் பெல்ட்டைத் திறந்தார். தம்பி போனதுக்கு வராத கண்ணீர் அப்போது வந்தது. எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

வாங்கி நானும் எண்ணினேன்.

"அஞ்சு ரூவா குறையுதே மச்சான்."

அதையும் வைத்தார்.

"கடன் தீந்துருச்சு," என்றேன். "தூக்குங்க."