இரண்டு கிராம் கரண்டி

ஆரோக்கியத்தின் விலை இருநூற்று நாற்பது. முப்பது கிராம் கடற்பாசித் தூள் டப்பாவில் நானே ஒட்டிய விலை. பேரம் பேசுகிறவருக்கு இருநூற்று இருபது.

தூள் மோசமான சரக்கு என்று சொல்ல முடியாது. இரும்புச் சத்து உண்டு, அயோடின் ஏராளம். உடம்பில் அது குறைவாக இருக்கிறவருக்கு நல்லதுதான். தினம் ஒரு கிராம் போதும் என்று மொத்த வியாபாரி சொல்லி, அதே அளவில் கரண்டியும் போட்டுக் கொடுத்தான். ஒரு டப்பா ஒரு மாதம் ஓடியது. வியாபாரத்தில் ஒரு மாதம் என்பது ஒரு யுகம். அதனால் கரண்டியை மட்டும் மாற்றினேன். இரண்டு கிராம் பிடிக்கிறது, ஒரு சாக்கு நிறைய மலிவாகக் கிடைத்தது. 'தினம் ஒரு கரண்டி' என்ற லேபிளில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. பதினைந்தாம் நாளே ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

கல்லாவில் என் மனைவி. முடி கொட்டுகிறதென்று அவளும் தினம் ஒரு கரண்டி தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டாள். சில்லறை கொடுக்கும்போது விரல் நடுங்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு இடுப்புதான் தெரியும். ரகசியம் என்ன என்று கேட்பார்கள். நான் அலமாரியைக் காட்டுவேன்.

ஒருநாள் நெஞ்சு படபடத்துக் கல்லாவிலேயே சாய்ந்தாள். டாக்டரம்மா கழுத்தைத் தடவி, ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அவள் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தாள். கரண்டிக் காம்பில் '2' என்று பொறித்திருந்தது.

"தைராய்டுக்கு அயோடின் வேணும்தாம்மா. ஆனா உங்க கழுத்துல முன்னாடியே கட்டி இருக்கு. அதுக்கு இவ்வளவு போட்டா எரியிற நெருப்புல எண்ணெய ஊத்துற மாதிரி. லேபிள்ல எத்தனை கிராம்னு இல்லாம கரண்டின்னு போட்டிருக்கு. இந்தக் கரண்டிய யாரு போட்டது?"

"கம்பெனிக்காரங்க" என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கரண்டிச் சாக்கை இறக்கி எண்ணி வைத்தவளே அவள்தான்.

தூளை நிறுத்தச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைக்குத் திரும்பினால், மாடி வீட்டு டீச்சர் காத்திருந்தார். அக்கா மாதிரி இளைக்க வேண்டும், இரண்டு டப்பா வேண்டும் என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "எவ்வளவு சாப்பிடணும்னு நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து வைத்தேன்.

"தினம் ஒரு கரண்டி, டீச்சர்."

டீச்சர் பேரமே பேசவில்லை. அவர் கடைப் படியிறங்கியதும் மனைவி கல்லாச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இனிமே நீங்களே உக்காந்துக்குங்க. என் உடம்பக் காட்டி யாவாரம் பண்ணது போதும்."

பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடை அடைக்குமுன் கணக்கு எழுதினேன். வரவு, நானூற்று எண்பது. அவள் சாப்பிட்ட பதினான்கு டப்பா எந்தப் பக்கத்திலும் இல்லை. வீட்டுச் செலவில் சேர்ப்பதா, விளம்பரச் செலவில் சேர்ப்பதா? பாக்கி என்று எழுதினேன். யார் தர வேண்டியது என்ற கட்டத்தில் என் பெயர்.